ஜமீல் பாய் கொடுத்த சாம்பிள்

கோட்டூர்புரம் பாலத்தில் பஸ் நின்றுகொண்டிருந்தபோது செய்தி வந்தது. ஜமீல் பாய் போய்விட்டார். மாரடைப்பு. தி.நகரில் எங்கள் பரிசோதனைக்கூடத்தில் இத்தனை வருஷமும் என் பக்கத்து நாற்காலியில் இருந்தவர். விந்தணு பார்க்கிறவர் செத்துப்போனார் என்று பஸ்ஸில் யாரிடம் சொல்லி அழுவது?

எண்ணிக்கையை மட்டும் பார்த்து 'நார்மல்' என்று எழுதுவது அவருக்குப் பிடிக்காது. "கடை நெறய ஆளு கீது, சரி. வேலை செய்யறானுங்களா?" என்பார். தரமணியிலிருந்து வந்த ஒருவர், ரத்தத்தைப் போலத்தானே என்று நினைத்து, சாம்பிளை ஐஸ் பையில் வைத்துக் கொண்டுவந்துவிட்டார். ஒரு விந்தணுவிலும் அசைவில்லை. மனிதர் இடிந்துபோனார். "ஒண்ணும் இல்ல நைனா, ஐஸ்கிரீம் பண்ணிட்டே. அடுத்த வாரம் சட்டைக்குள்ள வெச்சி எட்த்தா" என்று பாய் சிரிக்கவைத்து அனுப்பினார்.

உயிர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு: உப்புக் குறைந்த திரவத்தில் விட்டால் நல்ல விந்தணு வாலைச் சுருட்டிக்கொள்ளும், செத்தது நேராகக் கிடக்கும். புதிய திரவம் வந்தால், நல்லதென்று தெரிந்த ஒரு சாம்பிளில் அதை முதலில் சோதிக்க வேண்டும். அந்தச் சாம்பிளை எப்போதும் பாய்தான் கொடுப்பார். எங்கள் வேலையில் இதற்கெல்லாம் கூச்சம் கிடையாது. எண்ணிக்கை, ஓட்டம், வால் எல்லாவற்றையும் இருவரும் தனித்தனியே பார்த்து ஒப்பிடுவோம். எல்லாம் பிரமாதமாக இருக்கும்.

ஒரு பெருநாளன்று ராயப்பேட்டையில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். குழந்தையில்லாத அவர் மனைவி நூர்ஜஹான் அக்காவை வைத்துக்கொண்டே, பாயின் பெரியம்மா அவருக்கு இன்னொரு நிக்காஹ் பேச்சை எடுத்தார். பாய் சேமியாக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "டெஸ்ட் பண்ணியாச்சு பெரிம்மா. கோளாறு என்கிட்டதான். இன்னொருத்தி வந்து இன்னா பண்ணுவா?" பெரியம்மா அந்தப் பேச்சை விட்டுவிட்டார். நான் நிமிர்ந்து பாயைப் பார்த்தேன்.

மறுநாள் பரிசோதனைக்கூடத்தில் அவராகவே சொன்னார்: "கேட்டவங்களுக்குத்தான் ரிப்போர்ட்டு, தங்கச்சி. ஊருக்கு இல்ல." அதற்குமேல் நாங்கள் அதைப் பேசியதே இல்லை.

பாயை அடக்கத்துக்கு ஆண்கள் எடுத்துப் போன பிறகு, அவர் வீட்டில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். "பாவம், அவர்கிட்ட குறை. வாரிசு இல்லாமப் போய்ட்டாரு" என்று யாரோ சொன்னார்கள். கூட்டம் கலைந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்குத் தெரியும்ல?"

நான் தலையாட்டினேன்.

"எனக்குக் கர்ப்பப்பை வளரவே இல்லன்னு கல்யாணமான புதுசுலயே டாக்டரு சொல்லிட்டாரு. தான் இருக்கறவரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாரு. இப்ப செத்த பொறவும் அவரையே சொல்றாங்க. எனக்குத் தாங்கல. நீதான் பத்திரிகைல கதையெல்லாம் எழுதறவளாச்சே, எழுதிடும்மா."

எழுதிவிட்டேன், அக்கா. ஜமீல் பாயிடம் எந்தக் குறையும் இருந்ததில்லை. அதைக் கண்ணால் பார்த்தவர்கள் இரண்டே பேர். இப்போது நான் மட்டும்தான் இருக்கிறேன்.