சுவரேற மறுத்த துப்பாக்கி

ஐலி சலோவின் கணவர் ரெய்னோ பிப்ரவரியில் இறந்தார். மே மாதம்தான் அடக்கம் செய்தார்கள். அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரிக்குத் தெற்கே அந்தக் காட்டுப் பக்கத்தில், குளிர்காலத்தில் இறப்பவர்கள் உறைந்த பூமி இளகும்வரை காத்திருக்க வேண்டும். ரெய்னோ வாழ்நாளில் எதற்கும் காத்திருந்தவரல்ல. இதற்கு மட்டும் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அவர் விட்டுச்சென்றவற்றில் தலையாயது ஒரு துப்பாக்கி. பழைய முப்பது-முப்பது ரக வேட்டைத் துப்பாக்கி, கட்டையில் ஒரு நீளக் கீறல். ரெய்னோ இரண்டு கார்களையும் ஒரு படகையும் தம் தந்தையின் அக்கார்டியனையும் கலங்காமல் விற்றவர். இந்தத் துப்பாக்கியை விலைக்குக் கேட்ட ஒருவரோடு மட்டும் பதினோரு ஆண்டுகள் பேசவில்லை. ஒருமுறை வீட்டுப் புகைபோக்கி தீப்பிடித்தபோது, முதலில் துப்பாக்கியைக் கொண்டுவந்து காரின் பின் சீட்டில் படுக்க வைத்து, கம்பளியும் போர்த்தினார். அடுத்து மாமியாரின் சுவர்க்கடிகாரத்தை மீட்டார். ஐலி தாமாகவே வெளியே வந்துவிட்டார்.

இத்தனை மரியாதைக்குக் காரணம் 1974ஆம் ஆண்டு வேட்டைப் பருவத்தின் முதல் நாள். அன்று காலை அந்தத் துப்பாக்கி பத்துக் கிளைக் கொம்புள்ள ஒரு கலைமானை வீழ்த்தியது. அதன் தலை, ரெய்னோ பெயர் பொறித்த பித்தளைத் தகட்டோடு, அவரும் வேட்டைக் கூட்டாளிகளும் தங்கும் மரவீடான மான் முகாமின் சுவரில் இன்றும் இருக்கிறது. மேற்குக் காற்று, நூற்றிருபது கஜம், ஒரே தோட்டா: ரெய்னோ இந்தக் கதையை ஐம்பது நவம்பர்கள் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு அதே துப்பாக்கியால் அவர் ஒரு மானையும் சாய்க்கவில்லை. அற்ப மான்களைச் சுட்டு அதன் பெயரைக் கெடுக்க அவருக்கு மனமில்லை என்று முகாம் ஏகமனதாக முடிவுகட்டியிருந்தது. மான்களும் இதை ஆட்சேபிக்கவில்லை.

ஐலிக்குத் தெரிந்த வரலாறு சற்றே வேறு. அன்று ரெய்னோ சாப்பாட்டுப் பையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். இறைச்சியும் உருளைக்கிழங்கும் பொதிந்த பேஸ்டிகள் ஆறிப்போகுமே என்று ஐலி விடியும் வேளையில் எடுத்துக்கொண்டு போய், காட்டில் அவர் மானுக்குக் காத்திருக்கும் பரணில் ஏறினார். முந்தின நாள் சீட்டாட்டக் களைப்பில் ரெய்னோ வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். துப்பாக்கி மடியில் கிடந்தது. கீழே தேவதாரு மரங்களுக்கு நடுவே அந்தக் கலைமான் நின்றது. எழுப்பினால் மான் ஓடிவிடும். ஐலி பேஸ்டிகளைக் கீழே வைத்தார்; துப்பாக்கியை எடுத்தார்.

சத்தத்தில் ரெய்னோ துள்ளி எழுந்தபோது துப்பாக்கி பழையபடி அவர் மடியில் இருந்தது.

"யாரு சுட்டது?"

"நீதான்" என்றார் ஐலி. அவரிடம் வேட்டை லைசென்ஸ் கிடையாது. வனக்காவலரோ அந்தப் பக்கம்தான் சுற்றிக்கொண்டிருந்தார்.

கணவர் அதை நம்பினாரா என்று ஐலி கடைசிவரை கேட்கவில்லை. ஆனால் அந்த வாரம் முதல் துப்பாக்கி அலமாரியில் ஐலியின் பக்கத்துக்கு, அவருடைய குளிர்கால மேலங்கிகளுக்கு நடுவே குடிவந்தது. ஒவ்வோர் அக்டோபரிலும் ரெய்னோ, "தோள் வலிக்குது, குறி சரியா நிக்குதான்னு நீயே பாத்துடு" என்று அதை நீட்டுவார். ஐலி சரளைக்கல் தோண்டிய பழைய குழிக்குப் போய் மூன்று தோட்டா சுட்டுவிட்டு வருவார். மற்ற பதினோரு மாதங்களும் ரெய்னோவின் தோளுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

அடக்கம் முடிந்த அன்று எல்லோரும் காப்பி குடித்துவிட்டுப் போன பிறகு, இருவர் மட்டும் சமையலறையில் தங்கினார்கள். ஒருவர் மருமகன் டேல். மற்றவர் முகாமின் மூத்த உறுப்பினர் நார்பெர்ட். எண்பத்திரண்டு வயது, ஏலக்காய் ரொட்டியின் நான்காவது துண்டில் இருந்தார்.

"அம்மா, ஆணி அடிச்சாச்சு" என்றார் டேல். "அப்பாவோட கலைமானுக்கு நேர் கீழ. ஊசிய மட்டும் கழட்டிட்டா மாட்டிடலாம்."

முகாமின் வழக்கம் அது. உறுப்பினர் இறந்தால், தோட்டாவைத் தட்டும் ஊசியைக் கழற்றி ஏரியில் எறிந்துவிட்டு, அவருடைய துப்பாக்கியைச் சுவரில் மாட்டுவார்கள். ஏற்கெனவே ஐந்து துப்பாக்கிகள் அங்கே மாட்டியிருந்தன.

"அது ஏரிக்கும் போகாது, சுவத்துக்கும் போகாது" என்றார் ஐலி. "இங்கயே இருக்கும்."

"இங்க எங்க?"

"என் கோட்டுங்களுக்கு நடுவுல."

"கோட்டுக்குக் காவலா? தனியா இருக்க பயமா இருந்தா சொல்லுங்கம்மா, ஒரு நாய் வாங்கித் தரேன்."

"உன்ன மாதிரி ஓயாம குலைக்காத நாயா இருந்தா வாங்கிட்டு வா."

நார்பெர்ட் வாயிலிருந்ததை விழுங்கினார். "கோச்சுக்காத ஐலி. கலைமான் அங்க இருக்கு, துப்பாக்கி இங்க இருந்தா கதை நிக்காதுல்ல. ரெய்னோ பேருக்காகத்தான் கேக்குறோம்."

ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நான்தான் சுட்டேன் என்றால் துப்பாக்கி யாருடையது என்ற பேச்சே எழாது. ஆனால் பித்தளைத் தகடு பொய்யாகிவிடும். ஐம்பது நவம்பர்கள் பொய்யாகிவிடும். மண்ணுக்குள் போய் மூன்று மணி நேரம்கூட ஆகாத மனிதர் முகாமின் கேலிப்பொருளாவார். வாசலோரம் ரெய்னோவின் ஆரஞ்சு வேட்டைத் தொப்பி தொங்கியது. ஐலி அதைப் பார்த்தார். தொண்டைவரை வந்த வாக்கியத்தைக் காப்பியோடு விழுங்கினார்.

"முகாம் கதவுல என் மாமனார் எழுதி வச்ச பலகை இருக்குல்ல நார்பெர்ட், அதுல ரெண்டாவது வரி என்ன?"

நார்பெர்ட் வேதம் சொல்வதுபோல் நிமிர்ந்தார். "சுடுறதுக்குக் கை இருக்கிற துப்பாக்கி சுவரேறக் கூடாது."

"கை இருக்கு" என்று ஐலி இரண்டையும் மேசைமேல் வைத்தார். மாவு ஒட்டியிருந்தது.

"அது முகாம் ஆளுங்க கையைச் சொல்லுதும்மா" என்றார் டேல்.

"அப்படியா எழுதியிருக்கு?"

நார்பெர்ட் ஐந்தாவது துண்டை எடுத்தார். "இல்ல. பலகை சின்னது."

ஆக, அந்தக் கைக்குச் சுட வருமா என்று பார்க்க, மூவரும் துக்க உடுப்போடு சரளைக்குழிக்குப் போனார்கள். டேல் மூன்று காலி காப்பி டப்பாக்களை எடுத்துக்கொண்டு நடந்தார், நடந்தார், நடந்துகொண்டே இருந்தார்.

"நூத்தி இருபது கஜம்!" என்று அங்கிருந்து கத்தினார். "அப்பா சுட்ட தூரம்! நியாயம்னா நியாயமா இருக்கணும்ல!"

எழுபத்து நான்கு வயது ஐலி, கறுப்பு உடையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, டேல் திரும்பி வரும்வரை பொறுத்திருந்தார். டப்பாக்கள் தபால்தலை அளவில் தெரிந்தன. கட்டையின் கீறல் கன்னத்தில் வழக்கமான இடத்தில் பட்டது. இந்தத் துப்பாக்கியும் ஊமையாகிவிட்டால், அந்தக் காலையைப் பற்றித் தெரிந்தவர் தம்மைத் தவிர யாரும் மிஞ்ச மாட்டார்கள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

மூன்று முறை சுட்டார். மூன்று டப்பாவும் போயின.

டேல் தம் காலணியை ஆராய்ந்துகொண்டிருந்தார். நார்பெர்ட் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

"என் வீடு இந்தக் குழிக்கு அந்தப் பக்கம்தான். அம்பது வருசமா அக்டோபர்ல மூணு சத்தம் கேக்குது. ரெய்னோவோட குறிக்கு ஒம்பதாவது கேக்கணுமேன்னு அப்பப்ப யோசிச்சிருக்கேன்."

"அவருக்குத் தோள்வலி" என்றார் ஐலி.

"ஆமா, பாவம். பெரிய வலி." கொஞ்சம் பொறுத்து, ஏதோ வானிலை விசாரிப்பதுபோல் கேட்டார்: "அன்னிக்குக் காத்து எந்தப் பக்கம் ஐலி?"

"கிழக்கு" என்றார் ஐலி, துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டே. சொன்ன பிறகுதான் அவர் கை நின்றது.

டேல் நிமிர்ந்தார். "அப்பா மேக்குன்னுல்ல சொல்லுவாரு?"

"நீ போய் டப்பாவப் பொறுக்குடா" என்றார் நார்பெர்ட்.

டேல் போனார். பித்தளைத் தகட்டைப் பற்றி நார்பெர்ட் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. காரில் ஏறும்போது மட்டும் சொன்னார்:

"நவம்பர்ல ரெய்னோ பரண் காலியாத்தான் இருக்கும்."

"பலகையோட மொத வரி என்னாகுறது? பருவம் முடியிறவரை பொம்பளைங்க வாசப்படி தாண்டக் கூடாதுன்னு இருக்கே?"

"பரணுக்கு ஏது வாசப்படி?"

கலைமானுக்குக் கீழே அடித்த ஆணி வீணாகவில்லை. ஐலி ரெய்னோவின் ஆரஞ்சுத் தொப்பியைக் கொடுத்தனுப்பினார். டேல் அதை அங்கே மாட்டினார். துப்பாக்கி, ஊசியோடு, கோட்டுகளுக்கு நடுவே திரும்பியது. அக்டோபரில் ஐலி வாழ்க்கையில் முதல் முறையாக லைசென்ஸ் எடுத்தார்.

நவம்பர் பதினைந்து, பருவத்தின் முதல் நாள் காலை, இரண்டு பேஸ்டிகளோடு பரணேறி, பெஞ்சில் ரெய்னோ உட்காரும் பாதியை விட்டுவிட்டு மறுபாதியில் உட்கார்ந்தார்.

எட்டு மணி வாக்கில் முகாமிலிருந்த நார்பெர்ட்டுக்கு அந்தத் திசையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. இரண்டாவது சத்தத்துக்கு அவர் காத்திருக்கவில்லை. மானை இழுத்துவரும் கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.