நான் ஸ்டிக்கர் ஆன கதை

ஆறாம் வகுப்பில் நான் கொஞ்ச நாள் ரொம்பப் பிரபலம். ஸ்கூல் வேனில் வாயைப் பிளந்து தூங்கிய என்னை வகுப்புப் பையன் ஒருவன் படமெடுத்து, முகத்தை மட்டும் வெட்டி, வாட்ஸ்அப் ஸ்டிக்கராக்கிவிட்டான். பிள்ளைகளின் குரூப்பில் குட் மார்னிங்குக்கும் என் வாய்தான், கணக்கு வீட்டுப்பாடத்துக்கும் என் வாய்தான். இனிப் பள்ளிக்கே போகமாட்டேன் என்று போர்வைக்குள் புகுந்துகொண்டேன்.

அம்மா போய்க் கேட்டாள். வீட்டில் பிள்ளைகள் போனில் செய்வதற்குப் பள்ளி எப்படிப் பொறுப்பாகும் என்றாராம் பிரின்சிபால் மேடம். அவ்வளவு கஷ்டமாக இருந்தால் டிசி வாங்கிக்கொள்ளலாம் என்று அன்பாகவும் சொன்னாராம். அம்மா ஆவடியில் வேறு பள்ளி விசாரிக்கத் தொடங்கினாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. செய்தவன் அங்கேயே இருப்பான், நான் போகவேண்டுமா?

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையனின் அம்மா எங்கள் வெள்ளானூர் வீட்டுக்கு வந்தார். சண்டைக்குத்தான் என்று நினைத்து நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்தேன். அவர் உட்காரக்கூட இல்லை. மகன் திருட்டுத்தனமாகப் பள்ளிக்குக் கொண்டுபோன பழைய போனை அம்மாவிடம் நீட்டினார்.

"எம் புள்ளதான் எடுத்துகீறான்க்கா. ஊட்ல இல்ல, வேன்லயே எடுத்துகீறான். நீயே பாரு."

வெட்டாத படம் அதில் இருந்தது. ஜன்னலோரம் நான், சுற்றிலும் யூனிஃபார்ம் பிள்ளைகள். எங்களைப் பார்த்துக்கொள்ள ஆயா உட்காரவேண்டிய சீட்டில் புத்தகப் பைகள் மட்டும் கிடந்தன. பழைய ஆயா வேலையைவிட்டு நின்றபிறகு பள்ளி வேறு ஆளே போடவில்லை.

"இத்தக் காட்டினா உங்க பையனுக்கு டிசி குடுத்துருவாங்களே" என்றாள் அம்மா.

"தெரியும்க்கா. அதுக்காக இந்தப் பொண்ணு ஸ்கூல வுட்டுப் போவணுமா? நாளைக்கு நானும் கூட வரேன்."

மறுநாள் இருவரும் போனார்கள். படத்தைப் பார்த்ததும் மேடம் உடனே அவனுக்கு டிசி எழுதக் கிளம்பிவிட்டார். அம்மாதான் தடுத்தாள். "வேன்ல ஏறினப்புறம் ரெண்டு பிள்ளைங்களும் உங்க பொறுப்பு மேடம். ஆயாவப் போடாதது நீங்க. அவனை மட்டும் அனுப்பினா, இந்தப் படத்தோட கலெக்டர் ஆபீசுக்குப் போவேன்" என்றாளாம். அந்த வாரமே வேனுக்கு ஆயா வந்தார். பள்ளி எழுத்தில் மன்னிப்புக் கேட்டது. அவனும் எல்லார் முன்னாலும் கேட்டான். ஸ்டிக்கர் நின்றது. நான் அதே பள்ளியில் பன்னிரண்டாவது வரை படித்து முடித்தேன்.

அதற்கு அந்த அம்மாவுக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை, அவருக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அம்மா கூப்பிட்டும் நான் கதவைவிட்டு நகரவில்லை. பெற்ற பிள்ளையையே மாட்டிவிடுகிறாரே, இவருக்கு அவன்மேல் கொஞ்சமும் பாசமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.