கராஜில் ஒரு நாய்

ஆங்கிலத்தில் ‘எ’, ‘தி’ இரண்டையும் நான் குத்துமதிப்பாகத்தான் போடுவேன். அமெரிக்காவில், ஃபிரிஸ்கோவில் இருபது வருடம் அப்படியே ஓட்டிவிட்டேன்.

ஒருநாள் பக்கத்து வீட்டு லிண்டா, நாயைக் காணோமென்று கண்கலங்கி வந்து நின்றார். மறுநாள் காலை அது எங்கள் கராஜில் படுத்திருந்தது. உடனே, “ஐ ஹேவ் எ டாக் இன் மை கராஜ்” என்று மெசேஜ் அனுப்பினேன்.

“ஸோ ஹேப்பி ஃபார் யூ” என்று பதில் வந்தது.

ஓடிவராமல் வாழ்த்துச் சொல்கிறாரே, என்ன மனுஷி இவர் என்று எரிச்சலாகிவிட்டது. அவரே வரட்டும் என்று நாய்க்குத் தண்ணீர் வைத்துவிட்டு சாயங்காலம்வரை காத்திருந்தேன்.

பள்ளியிலிருந்து வந்த மகள் மெசேஜைப் பார்த்துச் சிரித்தாள். “அம்மா, ‘எ டாக்’னா ஏதோ ஒரு நாய். நீ புதுசா வாங்கியிருக்கன்னு நினைச்சுட்டாங்க. ஏற்கெனவே பேசின, தொலைஞ்சுபோன அந்த நாய்னா ‘தி டாக்’.”

தமிழில் வெறும் ‘நாய்’ என்றாலே போதுமே என்று முனகிக்கொண்டு திருத்தி அனுப்பினேன். லிண்டா செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். நாயைக் கட்டிக்கொண்டு அழுதபடியே சிரித்தார்.

போன வாரம் தன் தங்கையிடம் என்னைக் காட்டி, “திஸ் இஸ் தி நெய்பர்” என்றார்.

இருபது வருடத்தில் முதல்முறையாக அந்த ‘தி’ என் காதில் விழுந்தது.