நிறுத்தும் பட்டன்

சின்ன விமானத்தில் வயல்களுக்கு மேல் தாழப் பறந்து மருந்து தெளிப்பதுதான் பதினோரு வருஷமாக அவள் வேலை. கண்ணுக்குத் தெரியும் தரையைப் பார்த்து ஓட்டியே பழகியவள். இப்போது கம்பெனி தபால் விமானத்துக்கு மாறுகிறது. மேகத்துக்குள் எதுவும் தெரியாமல், கருவிகளை மட்டும் நம்பி ஓட்டத் தெரிந்தவர்களுக்குத்தான் இனி வேலை. பயிற்சி திங்கட்கிழமை ஆரம்பம்.

வீட்டில் பத்து நாளாக ஒத்திகை நடக்கிறது. சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டர், அதில் ஓட்டிப் பழகும் விமானம், அதைத் திருப்ப ஒரு கைப்பிடி. பீரோ கதவில் கருவிகளின் படம். கட்டுப்பாட்டு அறைக்குப் பதிலாக நாத்தனார். பஸ் நிலையத்தில் அறிவிப்பு வாசிப்பவள், குரலுக்குக் கேட்கவா வேண்டும்.

"இடப்பக்கம் திரும்பி இரண்டாயிரம் அடிக்கு இறங்கவும். உடைமைகளுக்குப் பயணிகளே பொறுப்பு."

"சும்மா இருடி."

சனிக்கிழமை மத்தியானத்துக்குள் பன்னிரண்டு முறை ஒழுங்காக இறங்கியிருந்தாள். அந்தத் தைரியத்தில் எழுந்து தண்ணீர் குடித்தாள்.

"அண்ணி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?" என்றாள் நாத்தனார். "பன்னெண்டு தடவை இறங்குனீங்க சரி. முப்பத்தேழு தடவை நிறுத்தினீங்க. கருவி முள்ளு கொஞ்சம் ஆடுனா உங்க விரல் தானா அந்த நிறுத்துற பட்டனுக்குப் போகுது. படம் அப்படியே நிக்குது, நீங்க மூச்சு விட்டு, யோசிச்சு, அப்புறம் ஓட்டுறீங்க. மேல போனா மேகம் நிக்குமா?"

 நிறுத்தியதே அவளுக்குத் தெரியாது. 

"ஏட்டுச் சுரைக்காயும் இந்த ஏரோப்ளேனும் ஒண்ணுதான் போலிருக்கு" என்று சிரித்த நாத்தனார், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "என்ன அண்ணி?"

"போன மழையில ஒரு தடவை மேகத்துக்குள்ள மாட்டிக்கிட்டேன். நாப்பது செகண்டு இருக்கும். நேராத்தான் போறேன்னு உடம்பு சொல்லுது. கருவி இடப்பக்கம் சாயுறேன்னு காட்டுது. நான் உடம்பை நம்பினேன். வெளிய வந்தப்போ மரக்கிளை ஜன்னலுக்குப் பக்கத்துல இருந்தது."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா விடுவாரா?"

 நாத்தனார் எழுந்துபோய்க் கத்தியுடன் வந்தாள். கீபோர்டிலிருந்து நெம்பி அந்தப் பட்டனைப் பெயர்த்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். "புதுசு நான் வாங்கித் தரேன். உட்காருங்க."

திரை முழுக்க வெள்ளை. மூன்றாவது நிமிஷம் முள் சாய்ந்தது. உள்ளங்கை வியர்த்துக் கைப்பிடி வழுக்கியது. நாத்தனார் அறிவிப்புக் குரலை விட்டுவிட்டு, "உயரம் குறையுது அண்ணி" என்று தன் குரலில் சொன்னாள். அவள் விரல் பாய்ந்து போய் வெறும் குழியில் அழுந்தியது. ஒன்றும் நிற்கவில்லை. எண்கள் இறங்கிக்கொண்டே இருந்தன.  எழுந்து ஓடிவிடலாம் என்றிருந்தது, நாற்காலியில்தானே இருக்கிறோம் என்பதே மறந்துபோனது.

முதலில் இறக்கையை நேராக்கு. முள் சொல்வதைக் கேள். உடம்பு என்ன வேண்டுமானாலும் கத்தட்டும்.

விரலைக் குழியிலிருந்து எடுத்துக் கைப்பிடிக்குக் கொண்டுவர அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். முள் நடுவுக்கு வந்தது, போனது, மறுபடி வந்தது. மேகம் விலகியபோது ஓடுபாதை வலப்பக்கம் வெகுதூரத்தில் கிடந்தது.

"தப்பா வந்துட்டேன்."

"உசுரோட வந்துட்டீங்க" என்றாள் நாத்தனார். "இன்னொரு தடவை போங்க."

உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டாள். அவள் மறுபடி மேகத்துக்குள் ஏறினாள்.