அலியார் கடையடி

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். குறிஞ்சாக்கேணி அலியார் மட்டும், இன்னும் வராத ஒரு பஸ்ஸைக் காட்டியே துறைக்கு அக்கரையில் ஓர்ஸ் ஹில்லில் பிறந்த றஹ்மாவைத் தன் ஊருக்குக் கூட்டி வந்துவிட்டார்.

"கிண்ணியாத் துறையடியில நிக்கிற பஸ் இஞ்ச வரைக்கும் வரப்போகுது. காலையில உம்மாட்டப் போய்ப் பொழுதுபட வரலாம்" என்று கல்யாணப் பேச்சுக்காலிலேயே வாக்குக் கொடுத்திருந்தார். மாமியார் வீட்டில் கைகட்டி இருக்க அவருக்குக் கொஞ்சமும் விருப்பமில்லை.

பஸ் வந்தால் ஊர் டவுனாகும் என்று மனிதர் மெய்யாகவே நம்பினார். ரோடு முடிகிற வெட்டவெளியில் முதல் ஆளாகத் தேத்தண்ணிக் கடை போட்டார். தகரக் கூரை, உட்கார இரண்டு வாங்கு, கண்ணாடி அலுமாரிக்குள் வாய்ப்பன் பலகாரம். ராசா மாதிரி உள்ளே உட்கார்ந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தார்.

அறுபத்திரண்டாம் ஆண்டில் ஒருநாள் பஸ் வெள்ளோட்டம் வந்தது. வந்த பஸ்ஸால் திரும்ப முடியவில்லை. இரண்டு பக்கமும் பிறத்தியார் வயல். இருந்த ஒரே வெளியின் நட்டநடுவில் அலியார் கடை. டிரைவருக்கு ஓட்டத் தெரியாது என்று அலியார் சாதித்துப் பார்த்தார்.

"திருப்ப இடமில்லாம பஸ் விட ஏலாது" என்றார் கூட வந்த பஸ் இன்ஸ்பெக்டர். பஸ் வந்த வழியே பின்பக்கமாக ஊர்ந்து போனது. ஊரே சிரித்தது. றஹ்மா சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பெட்டியை எடுத்து உடுப்பு அடுக்கினாள்.

"பஸ் வராட்டி நீங்க எங்கட ஊட்டுக்கு வாங்க. வழக்கமும் அதுதானே."

அலியார் கடைக்குப் போனார். கூரைத் தகரத்தை ஒவ்வொன்றாகக் கழற்றினார். அழுகை வந்தது, தூசி என்று கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

அடுத்த கிழமை பஸ் ஓடத் தொடங்கியது. முதல் பஸ்ஸிலேயே றஹ்மா உம்மாவைப் பார்க்கப் போனாள். அப்போதுதான் அலியாருக்குப் பயம் பிடித்தது. கடையை உடைத்து, பெண்சாதியை அனுப்பிவைக்கத்தான் வழி செய்தோமோ? பகல் முழுக்க அந்த வெறும் வெளியையே சுற்றிச் சுற்றி நடந்தார்.

பொழுதுபட பஸ் வந்து, அழகாக ஒரு வட்டம் போட்டு நின்றது.

"அலியார் கடையடி, இறங்குங்க" என்று கண்டக்டர் கூவினார்.

றஹ்மா இறங்கி அங்குமிங்கும் பார்த்தாள். "கடையடி எண்டு கத்துறார். கடையக் காணல்லையே."

"அதான் பஸ் வந்திட்டுதே" என்றார் அலியார், அவள் கைப்பையை வாங்கியபடி.

"ஓம்" என்றாள் றஹ்மா. "நானும் வந்திட்டன்."