பூப்பகை அத்தான்

காலை பத்தே முக்காலுக்குப் பழக்கிடங்கில் சின்னவளின் போன் அடித்தது. பேசியது அக்கா. "தோட்டத்துல மயங்கி விழுந்துட்டார்டி. ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள..." சின்னவள் தரம் பிரித்துக்கொண்டிருந்த ஆரஞ்சைக் கையில் பிடித்தபடியே வண்டி ஏறினாள்.

இறந்துபோனவர் அக்காவின் கணவர், அவளுடைய அத்தான். ஆரஞ்சுத் தோட்டம் அக்காவுக்கும் அவளுக்கும் பொது. மரங்களைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். மரங்களிடம் பேசிய பேச்சில் பாதியை அக்காவிடம் பேசியிருந்தால் வீடு கலகலவென்று இருந்திருக்கும் என்று சின்னவள் அவர் முகத்துக்கு நேராகவே சொல்வாள்.

மேற்குப் பக்கத்து இருநூறு மரங்களுக்கு மஞ்சளிப்பு நோய் வந்து நாலு வருஷம் ஆகிறது. குணமாக்க வழியில்லாத நோய். அது கண்ட மரம் காலநேரம் பார்க்காமல் பூக்கும். இன்றைக்கு நாலு பூ, அடுத்த மாதம் ஆறு, கோலிக்குண்டு அளவில் பிஞ்சு, அதுவும் கைக்கு வராமல் உதிரும். அத்தான் எங்கோ பயிற்சிக்குப் போய்விட்டு ஜிப்ரெலிக் அமிலம் என்ற வளர்ச்சி மருந்தோடு வந்தார். குளிர்காலத்தில் மாதம் ஒருமுறையாக நாலு தடவை அடித்தால் மரம் கண்டபடி பூப்பதைக் குறைத்துக்கொள்ளும், அந்தத் தெம்பில் இலை விடும், பிறகு பருவத்தில் ஒரே மூச்சாகப் பூக்கும் என்றார்.

"எல்லாரும் பூக்கணும்னு மருந்தடிப்பாங்க. நீங்க பூக்கக் கூடாதுன்னு அடிக்கிறீங்க. பூவுக்கும் உங்களுக்கும் என்ன பகை அத்தான்?"

"உங்க அக்காவுக்கு ஒரு நாளாவது பூ வாங்கிக் குடுத்திருக்கேனா? அப்பவே தெரிஞ்சிருக்க வேண்டாமா?"

அன்றிலிருந்து அவர் பெயர் பூப்பகை.

மரங்களைப் பிடுங்கிவிட்டுப் புதுக்கன்று வைக்கலாம் என்பது சின்னவளின் கட்சி. அத்தான் கெஞ்சிக் கூத்தாடி ஒரு வருஷம் தவணை வாங்கினார். நிபந்தனை ஒன்றுதான்: ஒரு வரிசைக்கு மட்டும் மருந்தே அடிக்கக் கூடாது. அறுவடையில் வித்தியாசம் தெரியாவிட்டால் மரம் பிடுங்கும் இயந்திரம் வரும்.

அறுவடையில் அந்த வரிசையும் மற்ற வரிசைகளும் ஒரே மாதிரி காய்த்திருந்தன.

"நல்ல மழை வருஷம், எல்லாமே காய்ச்சிருக்கு. உங்க மருந்துக்கு இதுல என்ன பங்கு? இயந்திரக்காரர்கிட்ட சொல்லிடறேன்."

அத்தான் காதைச் சொறிந்தார். "அந்த வரிசைக்கும் அடிச்சுட்டேம்மா."

"என்னது?"

"பக்கத்துல இருக்கறது குடிக்குது, இது வாயைப் பாத்துட்டு நிக்குது. மனசு கேக்கல. டேங்க்ல கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு..."

"நாலு தடவையுமா மிச்சம் இருந்துச்சு?"

"மிச்சம் வர்ற மாதிரிதான் கலக்குவேன்."

அக்கா சிரித்த சிரிப்பில் மேஜையில் இருந்த டம்ளர் கவிழ்ந்தது. சின்னவளாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கோபப்பட முடிந்தது. அதே நிபந்தனையில் கடைசியாக இன்னொரு வருஷம் கொடுத்தாள்.

"இந்தத் தடவையாவது மனசைக் கல்லாக்கிக்குங்க."

"பாக்கலாம்மா."

அவர் போன மூன்றாம் நாள் இயந்திரக்காரர் துக்கம் விசாரிக்க வந்தார். "இனிமே பாத்துக்க ஆளில்லை. எடுத்துடலாமாம்மா?" என்றார்.

சின்னவள் எழுந்து மேற்குப் பக்கம் போனாள். மருந்தடித்த வரிசைகளில் இலை கரும்பச்சையாக அடர்ந்திருந்தது. தேடினாலும் பூ தென்படவில்லை. அடிக்காத வரிசையில் இலை வெளிறி, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூத்து, காலடியில் பிஞ்சு கொட்டிக் கிடந்தது. மனுஷன் இந்தத் தடவை உண்மையாகவே அடிக்கவில்லை. தினமும் இந்த வரிசையை எப்படித்தான் கடந்து போனாரோ என்று நினைத்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

திரும்பி வந்து, "வேண்டாம். மரம் இருக்கட்டும், மருந்து நான் அடிச்சுக்கறேன்," என்றாள்.

கை தவறிக்கூட மருந்து பட்டுவிடக் கூடாது என்று, அந்த வரிசை மரங்களுக்கு மட்டும், மயங்கி விழுந்த அன்று காலை அவர் சிவப்பு ரிப்பன் கட்டத் தொடங்கியிருந்தார். பன்னிரண்டு மரங்களில் பதினொன்றுக்குக் கட்டியிருந்தது.