சோறில்லாமல் ஊற்றுவதில்லை

பழைய ஒயினின் நிறம் எனக்குத் தெரியும். புதிதில் நாவல்பழக் கறை. வருஷம் ஏற ஏற விளிம்பில் செங்கல் பூக்கும். எங்கள் ஜாடி ஒன்பது வருஷம் கிடந்தது. அத்தனை வருஷமும் நான் ஆறவில்லை.

துடியலூர்ப் பக்கம் ஒரு பண்ணையில் அம்மா திராட்சை பறித்தாள். உதிர்ந்து கிடந்த பழம் மூன்றை ஒருநாள் வாயில் போட்டாள். பண்ணைக்காரர் பார்த்துவிட்டார்.

"துப்பு" என்றார், அத்தனை ஆட்கள் முன்னால்.

அம்மா துப்பினாள். பதினேழு வயதில், கையில் கூடையோடு, நான் சும்மா நின்றேன்.

அந்த வாரமே மழையில் வெடித்த குலைகளை அவர் குப்பைக்குழியில் கொட்டச் சொன்னார். அம்மா மேலாக இருந்ததை மடியில் அள்ளிவந்தாள். எங்கள் தெருவில் கிறிஸ்துமஸுக்கு எல்லா வீட்டிலும் ஜாடியில் போடும் ஒயின்தான்: பழத்தோடு சர்க்கரை, கிராம்பு, ஒரு பிடி கோதுமை. ஆனால் டிசம்பர் வந்தும் அந்த ஜாடியைத் திறக்கவில்லை.

"இது பண்டிகைக்கில்ல கண்ணு" என்றாள்.

நான் மில் குமாஸ்தாவானேன். உக்கடத்தில் வாடகை வீடு. மதுவிலக்குக் காலம், பெர்மிட் இல்லாத பெரிய மனிதர்களுக்கெல்லாம் தொண்டை காய்ந்தது. பண்ணைக்காரர் ஆபீசுக்கு வந்த ஒரு நாள், பக்கத்து மேசைக்காரரிடம் எங்கள் ஜாடியைப் பற்றிக் கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

சனிக்கிழமை சாயங்காலம் வந்தார், தலையில் துண்டு போட்டுக்கொண்டு.

"ஏம்ப்பா, பழசு ஒண்ணு இருக்குதாமா?"

கண்ணாடி டம்ளரில் ஊற்றினேன். மூக்கருகே கொண்டுபோனார். காய்ந்த அத்திப்பழமும் கிராம்பும் கலந்த வாசம், கண்ணை மூடிக்கொண்டார்.

"மில்லு இஞ்சினீரு தொரை ஊட்டுல பாத்திருக்கேன். மொதல்ல வாயில வெச்சுச் சுழட்டித் துப்பிப்போடோணும். ஒரு சொம்பு கொண்டா."

அம்மா இலையோடு வந்து நின்றாள்.

"இந்த ஊட்டுல வாயில வெச்சதைத் துப்பறதில்லீங்க. சோறில்லாம இதை ஊத்தறதும் இல்லீங்க."

பண்ணையில் வாய்க்கு வாய் 'சாமி' என்றவள், அன்று ஒருமுறையும் சொல்லவில்லை.

"நான் சாப்பிட்டுத்தான் வந்தேன்."

தெரியும். எங்களிடம் ஒளிந்து குடித்தால் அவர் சாதிக்குத் தீட்டில்லை. எங்கள் பானைச் சோறு தின்றால்தான் தீட்டு. டம்ளரை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அவர் பார்வை டம்ளரோடு நகர்ந்தது. பிறகு தெருவுக்குப் போனது.

"சன்னலச் சாத்துப்பா."

"புழுக்கமா இருக்குதுங்க."

இலை முன் உட்கார்ந்தார்.

அரிசிம்பருப்புச் சோறு, ஆட்டுக்கறி. காரம் இந்த ஒயினைச் சுட்டுக் கசப்பாக்கிவிடும் என்று அம்மா வரமிளகாயைக் குறைத்து, தேங்காயும் கசகசாவும் அரைத்துவிட்டிருந்தாள். வதைப்பதற்கும் பக்குவம் வேண்டும். கறிக்கொழுப்பு நாக்கில் படர, அதன்மேல் ஒயின் ஏற, துவர்ப்பு வழுக்கிப்போய் இனிப்பு மட்டும் நிற்கும். அவர் இரண்டாம் முறை சோறு கேட்டார். அம்மா போட்டாள். டம்ளரை மீண்டும் நிறைத்தேன்.

வாய் நிறைய உறிஞ்சிக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, டம்ளரைக் காட்டி, எந்த ஊர்ப் பழம் என்று கையாலேயே கேட்டார்.

"உங்க குப்பைக்குழிப் பழமுங்க" என்றாள் அம்மா. "பொறுக்கினது நானு. கையில மசிச்சதும் நானு."

கன்னம் அசையவில்லை. இடமும் வலமும் பார்த்தார். சொம்பு இல்லை. சன்னலுக்கு வெளியே தெரு. விழுங்கினார். தொண்டைமேடு ஏறி இறங்கியதை இன்றைக்கும் என்னால் பார்க்க முடிகிறது, வேண்டும்போதெல்லாம் பார்க்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை மறுபடி வந்தார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. வாசல்படிக்குக் கீழேயே நின்றார்.

"இன்னுங் கொஞ்சம் இருக்குதாப்பா?"

"தீந்துபோச்சுங்க."

உள்ளே அம்மா ஜாடியின் துணியை அவிழ்த்தாள். பாதிக்கு மேல் இருந்தது. வாசம் வாசல்வரை வந்து அவர் மூக்கைத் தொட்டுவிட்டது. தெரிந்துகொண்டு, தலை குனிந்து போனார்.

அன்றுதான் அம்மா முதல்முறையாக அதைக் குடித்தாள். ஒரு வாய் எடுத்து, வெகுநேரம் வைத்திருந்து, விழுங்கினாள். எனக்குச் சோறு போட்டாள்.

"அடுத்த வாரம் வந்தாலும் தீந்துபோச்சுன்னே சொல்லு."